ஓட்டுநர் இல்லாத ரயிலும் ஊளையிடும் மைக்கும்

தில்லியில் முனிர்காவை ஒட்டி, பழைய ஜேஎன்யு வளாகத்துக்கு எதிரே இருக்கிறது பேர் சராய். புத்தகக் கடை, ஜெராக்ஸ் கடை, மறுபடி புத்தகக் கடை என்று போகும் சந்து. கேட் தேர்வுக்கும் பொறியியல் பணித் தேர்வுக்கும் படிக்க வரும் பிள்ளைகளின் சந்தை அது. ஈரோட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து முனிர்காவில் அறை எடுத்துத் தங்கும் மின்பொறியியல் மாணவர்கள் கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட நோட்ஸ் ஒன்று நிச்சயம் இருக்கும்: கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். அதில் போடே வரைபடம் என்ற அத்தியாயம் நாலைந்து விதிகளாகச் சுருங்கிவிட்டிருக்கும். துருவம் ஒன்றுக்குப் பத்து மடங்கு அதிர்வெண்ணில் 20 டெசிபல் சரிவு, 90 பாகை பின்னடைவு. கெயின் மார்ஜின், ஃபேஸ் மார்ஜின் கண்டுபிடி, விடையைத் தட்டு, அடுத்த கேள்விக்குப் போ.

ஒரு காலத்தில் இதற்கென்று செமிலாக் தாள் வாங்குவார்கள். கிடைவாட்டில் கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்து, சட்டென விலகி, திரும்ப நெருங்கும் தாள். இப்போது கேட் தேர்வு கணினியில் நடக்கிறது. அதில் யாரும் படம் வரைவதில்லை, விடை மட்டும் கேட்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இந்தப் பாடத்தின் அழகு முழுவதும் படத்தில் இருக்கிறது. ஒரு எந்திரத்தைத் திறந்து பார்க்காமல், அதன் சமன்பாடு என்ன என்றுகூடத் தெரியாமல், மெல்ல ஆட்டிப் பார்த்தே அது எப்போது கட்டுக்கடங்காமல் போகும் என்று சொல்லிவிடலாம். ஆபத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையும் அளந்துவிடலாம்.

முதலில் மைக் செட். முனிர்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆர்.கே.புரம் மலை மந்திர். தில்லித் தமிழர்களின் முருகன் கோயில். அங்கேயோ உங்கள் ஊர்க் கோயிலிலோ, மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் ‘கூ’வென்று ஒரு ஊளை கிளம்பும். ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் மைக்கில் புகுந்து, பெருக்கப்பட்டு, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்கில் புகுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாம் கேட்கத் தவறுவது வேறொன்று. பேச்சிலும் பாட்டிலும் நூற்றுக்கணக்கான அதிர்வெண்கள் இருக்க, ஊளை மட்டும் ஏன் ஒரே சுருதியில் வருகிறது?

ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் இடையே 3.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆக, ஒரு சுற்றுக்கு நூறில் ஒரு பங்கு நொடி தாமதம். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்த நேரம் சரியாக ஒரு முழு அலை. திரும்பி வரும் அலையின் மேடு, புதிதாகக் கிளம்பும் அலையின் மேட்டின் மீது உட்கார்ந்து அதை வளர்க்கும். 200, 300, 400 ஹெர்ட்ஸ் எல்லாவற்றுக்கும் அப்படியே. 150 ஹெர்ட்ஸுக்கோ மேட்டின் மீது பள்ளம் விழுந்து அலை அடங்கிவிடும். ஆக, ஊளையிடத் தகுதி பெற்றவை நூறு நூறாகத் தள்ளி நிற்கும் சில அதிர்வெண்கள் மட்டுமே. அவற்றில் எதற்கு ஒரு சுற்றில் கிடைக்கும் பெருக்கம் ஒன்றைத் தாண்டுகிறதோ, அது ஊளையிடும். பெருக்கம், பின்னடைவு என்ற இரண்டையும் அதிர்வெண் வாரியாகப் பார்த்தால் போதும். ஊளையின் சுருதியைக்கூட முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மைக் செட்காரர் ஈக்வலைசரில் ஒரே ஒரு குமிழை இறக்கி ஊளையை அடக்குகிறாரே, அவர் கை வைப்பது அந்த அதிர்வெண்ணின் பெருக்கத்தில்தான்.

இது வேண்டாத பின்னூட்டம். பொறியாளர்கள் வேண்டிச் செய்யும் பின்னூட்டம் இதற்கு நேர் எதிர்க் குறியில் இருக்கும்: வெளியே வருவதை அளந்து, பிழையைக் கழித்து, திருத்திக்கொள்வது. அதை முறையாகப் பிடித்தவர் பெல் ஆய்வகத்து ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது யோசனை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தாளிலேயே படத்தையும் கணக்கையும் போட்டார். தொலைபேசிக் கம்பியில் ஆயிரக்கணக்கான மைல் போகும் குரலை வழிநெடுகப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்கியும் குரலைக் கொஞ்சம் சிதைக்கும். பல பெருக்கிகளைத் தாண்டும்போது பேச்சு பேச்சாக இருக்காது. வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளீட்டிலிருந்து கழித்தால் சிதைவு பெருமளவு குறையும் என்றார் பிளாக். கிடைத்த பெருக்கத்தை வேண்டுமென்றே தூக்கி எறிவதா என்று காப்புரிமை அலுவலகம் நம்ப மறுத்தது. 1928-ல் போட்ட விண்ணப்பத்துக்கு 1937 டிசம்பரில்தான் காப்புரிமை கிடைத்தது.

நம்பாததற்கு ஒரு நியாயமும் இருந்தது. பல சமயம் அந்தப் பெருக்கிகள் பாடத் தொடங்கிவிடும். தொலைபேசிக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். கழிக்க வேண்டிய திருத்தம், சுற்றி வருவதற்குள் அரை அலை பின்தங்கிவிட்டால், கழித்தல் கூட்டலாகிவிடும். 180 பாகை பின்னடைவு என்பது அதுதான். தவறைத் திருத்தப் போகும் கையே தவறை ஊட்டி வளர்க்கும். எப்போது இப்படி ஆகும் என்பதற்கு 1932-ல் விடை சொன்னவர் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ஹாரி நைக்விஸ்ட். அவருடைய கணிதத்திலிருந்து வெளிவந்த ஒரு விசித்திரம்: சில சுற்றுகளில் பெருக்கத்தைக் கூட்டினால் அமைதி, குறைத்தால் கொந்தளிப்பு. ஒலியைக் குறைத்தால் ஊளை தொடங்கும் மைக் செட்டைக் கற்பனை செய்து பாருங்கள்.

நைக்விஸ்டின் படம் சரியானது. ஆனால் கையால் வரையக் கடினமானது. அதை ஒரு ரூலரும் பென்சிலும் போதும் என்ற அளவுக்கு இறக்கியவர் அதே ஆய்வகத்தின் ஹென்ட்ரிக் போடே. அவர் என்ன செய்தார் என்று புரிய, சைன் அலையின் தனிக்குணம் ஒன்றை அறிய வேண்டும். நேரியல்பான எந்த அமைப்புக்குள்ளும், அது மோட்டாரோ பாலமோ காதின் செவிப்பறையோ, ஒரு சைன் அலையைச் செலுத்தினால், கொஞ்ச நேரத்தில் அதே அதிர்வெண்ணில் சைன் அலையே வெளிவரும். உயரம் மாறும், கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். சதுர அலையைக் கொடுத்தால் கொடுத்தபடி திரும்பி வராது. முனை மழுங்கி, உரு மாறி வரும். சைன் மட்டும் தன் முகத்தை இழப்பதில்லை. ஆகவே, ஓர் அதிர்வெண்ணுக்கு இரண்டே எண்கள்: எத்தனை மடங்கு, எத்தனை பாகை பின்னால். அதிர்வெண்ணை மெல்ல உயர்த்திக்கொண்டே போய் இரண்டையும் குறித்தால், அமைப்பின் ஜாதகம் கையில்.

போடே இந்த இரண்டையும் தனித்தனிப் படமாக, மடக்கை அளவில் வரைந்தார். மடக்கையில் பெருக்கல் கூட்டலாகும். பெருக்கி, மோட்டார், பல்சக்கரம், அளவி என்று வரிசையாக இருக்கும் உறுப்புகளின் பெருக்கங்களைப் பெருக்க வேண்டாம். டெசிபலில் கூட்டினால் போதும். 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு; 6 என்றால் ஏறக்குறைய இரண்டு. இன்னும் வசதி, வளைவுகள் எல்லாம் நேர்கோடுகளுக்கு மிக அருகே வந்துவிடுகின்றன. ஒரு சாதாரண உறுப்பின் வளைவை இரண்டு நேர்கோடுகளாக வரைந்தால், மிக மோசமான இடத்தில், அதாவது இரண்டும் சந்திக்கும் மூலையில், பிழை 3 டெசிபல் மட்டுமே. அதுவும் தெரிந்த பிழை என்பதால் கையால் திருத்திவிடலாம்.

1940-ல் வெளியான கட்டுரையில் போடே காட்டியது இன்னும் ஆழமானது. வழக்கமான அமைப்புகளில் பெருக்கமும் பின்னடைவும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. பெருக்கப் படத்தின் சரிவைப் பார்த்தே பின்னடைவைச் சொல்லிவிடலாம். 20 டெசிபல் சரிவென்றால் சுமார் 90 பாகை. 40 என்றால் 180. ஆகவே, பெருக்கம் ஒன்றைக் கடந்து கீழே இறங்கும் இடத்தில் படம் மெல்லச் சரிகிறதா, செங்குத்தாக விழுகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால், அனுபவசாலி ஆபத்தை மோப்பம் பிடித்துவிடுவார். வடிவமைப்பாளர்கள் அந்த இடத்தில் 20 டெசிபல் சரிவைத் தாண்டவிடாமல் மெனக்கெடுவது இதனால்தான். பேர் சராய் நோட்ஸில் இது ஒரு வரி விதியாக நிற்கும், காரணம் இருக்காது.

இந்தியாவில் இதைப் படித்த தலைமுறைகளுக்குக் காரணத்தோடு சொல்லிக்கொடுத்த புத்தகம் ஐ.ஜே.நாக்ரத், எம்.கோபால் இருவரும் எழுதிய ‘கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்’. நாக்ரத் பிலானியில் பிட்ஸ் பேராசிரியர்; கோபால் பாடம் நடத்தியது முனிர்காவிலிருந்து இரண்டு மெட்ரோ நிலையம் தள்ளியிருக்கும் தில்லி ஐஐடியில். அவருடைய வகுப்புகள் என்பிடிஇஎல் காணொளிகளாக வந்தபிறகு, தில்லியைப் பார்க்காத கல்லூரி மாணவர்களும் அவரிடம் படித்தார்கள்.

அந்த இரண்டு நிலையத் தூரத்தை ரயிலில் போவதே ஒரு செய்முறை வகுப்பு. முனிர்கா வழியாகப் போகும் மெஜந்தா தடத்தின் இந்தப் பகுதி 2018 மே மாதக் கடைசியில் திறக்கப்பட்டது. 2020 டிசம்பர் 28 முதல் இதே தடத்தில்தான் இந்தியாவின் முதல் ஓட்டுநர் இல்லா ரயில் ஓடுகிறது. நடைமேடையின் விளிம்பில் கண்ணாடிக் கதவுகள். ரயிலின் கதவு அவற்றுக்கு நேராக நிற்க வேண்டும். வேகத்தை அளந்து, இருக்க வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, மோட்டாருக்கும் பிரேக்குக்கும் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கிறது ஒரு கணினி. இதற்கு ஒரு போடே படம் மனசிலேயே போட்டுப் பார்க்கலாம்.

விசையைக் கொடுத்தால் வேகம் உடனே வந்துவிடாது. சேர்ந்து சேர்ந்து வரும். விசையை ஏற்றி இறக்கி ஆட்டினால், விசை உச்சத்தில் இருக்கும்போது வேகம் ஏறிக்கொண்டிருக்கும். விசை சுழியத்துக்கு இறங்கிய பிறகே வேகம் உச்சம் தொடும். எந்த அதிர்வெண்ணிலும் கால் சுற்றுப் பின்னால்: 90 பாகை. இதோடு கட்டளைக்கும் பிரேக் பிடிப்பதற்கும் நடுவே அரை நொடித் தாமதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தில்லி மெட்ரோவின் உண்மையான எண் அல்ல. தாமதம் பொல்லாதது. அது உயரத்தைத் தொடுவதில்லை. பெருக்கப் படத்தில் கண்ணுக்கே தெரியாது. பின்னடைவில் மட்டும் அதிர்வெண்ணுக்குத் தக்கபடி ஏறிக்கொண்டே போகும். நொடிக்கு அரை அலை என்ற அதிர்வெண்ணில் அரை நொடித் தாமதம் கால் அலை, அதாவது இன்னொரு 90 பாகை. மொத்தம் 180. கணினி அந்த அதிர்வெண்வரை சுறுசுறுப்பாகத் திருத்த முயன்றால், ரயில் இரண்டு நொடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் இழுபடும். நிற்கும் பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். 45 பாகையாவது மிச்சம் வேண்டுமென்றால், திருத்தும் வேகத்தைப் பாதியாக்கி, நான்கு நொடிக்கு ஓர் அலைக்கு மேல் திருத்தக் கூடாது. இன்னும் வேகமான கணினி வாங்கினாலும் இந்த எல்லை நகராது. பிரேக்கின் தாமதத்தைக் குறைத்தால் மட்டுமே நகரும். மின்மோட்டாரையே பிரேக்காக்குவதில் மின்சாரம் மிச்சமாவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். காற்றழுத்தம் ஏறக் காத்திருக்கத் தேவையில்லாத அதன் சுறுசுறுப்பும் கட்டுப்பாட்டுக்காரருக்கு ஒரு வரம்.

மிச்சம் என்று மேலே சொன்னதுதான் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஃபேஸ் மார்ஜின். பெருக்கம் ஒன்றாகும் இடத்தில் பின்னடைவு 180-ஐ எட்ட இன்னும் எத்தனை பாகை இருக்கிறது என்ற கணக்கு. மறுபக்கம் கெயின் மார்ஜின்: பின்னடைவு 180 ஆகும் இடத்தில் பெருக்கம் ஒன்றை எட்ட இன்னும் எத்தனை டெசிபல். அமைப்பு நிலையானதா இல்லையா என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடும். ஆனால் ‘ஆம்’ என்ற அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் விமானம் ஏற மாட்டார்கள். எடை கூடலாம், வெயிலில் எண்ணெய் இளகலாம், பழைய வால்வு சோம்பலாகலாம். எவ்வளவு மாறினால் தாங்கும் என்பதே கேள்வி. போர்விமானக் கட்டுப்பாட்டுக்கான அமெரிக்க ராணுவத் தரவிதி வழக்கமாகக் கேட்பது 6 டெசிபலும் 45 பாகையும். பெருக்கம் இரண்டு மடங்கு தப்பினாலும், திருத்தம் அரைக்கால் சுற்றுத் தாமதித்தாலும் விமானம் தாங்க வேண்டும்.

நம் தேஜஸ் விமானத்துக்கு இந்த இடைவெளி உயிர்ப் பிரச்சினை. வால் சிறகு இல்லாத, வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்த விமானம் அது. கணினி விட்டுவிட்டால் மூக்கு தானாகவே மேலோ கீழோ போய்விடும். சட்டெனத் திரும்பும் லாகவத்துக்குக் கொடுத்த விலை. மின்கட்டளை வழியே நான்கு மடங்குப் பாதுகாப்போடு சிறகின் அசைவுகளை ஆளும் கணினி இதற்குத் தேவை. அதற்கான கட்டுப்பாட்டு விதிகளை எழுத 1992-ல் பெங்களூரு என்ஏஎல் ஆய்வகத்தில் ஒரு தேசியக் குழு அமைந்தது. அமெரிக்காவில் எஃப்-16 விமானம் ஒன்றையே தேஜஸ்போல நடிக்கவைத்துப் பறந்து பார்த்தார்கள். 1998 மே மாதம் பொக்ரான் அணு சோதனை. அமெரிக்கத் தடை வந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திரும்ப நேர்ந்தது. மீதியை இங்கேயே முடித்து, 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் பெங்களூரில் முதல்முறையாக அதை மேலே எடுத்துச் சென்றார்.

அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. அந்த நாட்டின் கிரிபென் விமானமும் இதே ரகம். 1989 பிப்ரவரி 2 அன்று தரையிறங்கும்போது முன்னும் பின்னும் ஆடி ஆடிக் கவிழ்ந்தது. 1993 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டாக்ஹோம் நீர்த் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க இன்னொன்று விழுந்தது. இரண்டிலும் யாரும் சாகவில்லை, இரண்டையும் ஓட்டியவர் ஒரே விமானிதான். இங்கே போடே படத்தின் குருட்டுப் புள்ளி ஒன்று தெரிகிறது. சிறகின் மடிப்பு ஓரளவுக்கு மேல் வேகமாக அசைய முடியாது. விமானி கைப்பிடியைச் சின்னதாக அசைக்கும்வரை படம் சொல்வது சரி. பதறிப்போய் பெரிதாக ஆட்டினால் மடிப்பு பின்தங்குகிறது. படத்தில் இல்லாத பின்னடைவு புதிதாக முளைக்கிறது. மைக்கின் ஊளை போல, இங்கே விமானியும் சுற்றின் ஓர் உறுப்பு. அவர் திருத்தத் திருத்த ஆட்டம் வளரும். பின்னர் ஸ்வீடன்காரர்கள் அந்தக் கூடுதல் பின்னடைவை ஈடுசெய்யும் வடிப்பானைக் கணினியில் சேர்த்தார்கள்.

1989-ன் அந்த விபத்துக் காட்சியை அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் டாம்பா நகரில் ஓர் அரங்கில் போட்டுக் காட்டினார் குந்தர் ஸ்டைன். போடே பெயரால் நடந்த முதல் சொற்பொழிவு அது. நிலையற்ற அமைப்புகளுக்கு மரியாதை கொடுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் தூசி தட்டி எடுத்தது போடேயின் 1945 புத்தகத்திலிருந்த ஒரு தொகையீட்டை. வெளியிலிருந்து வரும் இடையூறுகளைப் பின்னூட்டம் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு அடக்குகிறது என்று வரைந்தால், கோட்டுக்குக் கீழே பள்ளமாக எவ்வளவு பரப்பு தோண்டுகிறோமோ, அவ்வளவு பரப்பு வேறு அதிர்வெண்களில் மேடாக எழுந்தே தீரும். ஸ்டைன் ஒருவர் மண்வெட்டியோடு குழி தோண்டுவதாகப் படம் போட்டார்: தோண்டிய மண் எங்கும் மறையாது, பக்கத்தில்தான் விழும். எவ்வளவு புத்திசாலித்தனமான கணினியும் மண்ணை இடம் மாற்றலாம். இல்லாமல் ஆக்க முடியாது.

எல்லையில்லாத அதிர்வெண் பரப்பில் மெல்லிசாகப் பரப்பிவிடலாமே என்றால், மோட்டாரும் அளவியும் சிறகின் உலோகமும் ஓரளவுக்கு மேல் ஒத்துழைக்காது. குவிக்க இருக்கும் முற்றம் சிறியது. நிலையற்ற விமானத்துக்கோ இன்னொரு தண்டனை: தோண்டத் தொடங்கும் முன்னரே முற்றத்தில் ஒரு வண்டி மண் கொட்டிக் கிடக்கும். நிலையின்மை அதிகமாக ஆக, வண்டியும் பெரிது. முன்னோக்கி வளைந்த சிறகுடைய அமெரிக்க எக்ஸ்-29 சோதனை விமானத்தை எடுத்துக்கொண்டு, அதன் முற்றத்தில் அந்த 45 பாகை விதியை எட்டவே முடியாது என்று இந்த ஒரே கணக்கால் காட்டினார் ஸ்டைன். பொறியாளர்களின் திறமைக் குறைவல்ல; கணிதத்தில் இடமில்லை.

அந்தச் சொற்பொழிவு கையெழுத்துக் குறிப்பாகவும் வீடியோவாகவும் சுற்றி, 2003 ஆகஸ்டில்தான் ஐஇஇஇ இதழில் அச்சேறியது. அதே மாதம் 1-ஆம் தேதி தேஜஸ் முதல்முறையாக ஒலியின் வேகத்தைத் தாண்டியது. இத்தகைய விமானங்களில் ஒலியைக் கடக்கும்போது தூக்குவிசையின் மையம் பின்னால் நகர்ந்துவிடும். மூக்கைக் கவிழ்க்கப் பார்த்த காற்றே அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். அந்த வேகத்தில் ஒரு வண்டி மண் காணாமல் போகிறது. கணினி அதற்கேற்ப வேறு பெருக்கங்களுக்கு மாறுகிறது. வேகம் குறைந்து திரும்பும்போது மறுபடி பழைய பெருக்கங்களுக்கு.